ஆசான் கை

"இன்னும் இருபத்தாறு நிமிஷம்!" என்று யாரோ கத்தினார்கள். ஆவுடையப்பன் மூன்றாவது முறையாக வலது கையை அந்தப் பொந்துக்குள் திணித்தார்.

முழங்கை வரை ஏறியிருந்த சாம்பல் நிறத் திறனுறையின் இழைகள் விறைத்தன. உள்ளே, கண்ணுக்கு எட்டாத இருட்டில், இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம். பிறகு 'டங்'. வழுக்கிவிட்டது.

"சை! ஆசான் கையே வழுக்குதுன்னா நான் என்னத்தச் செய்ய?"

பக்கத்தில் மண்டியிட்டு விளக்குப் பிடித்திருந்த ஜெசிந்தா வெளிச்சத்தைப் பொந்துக்குள் இன்னும் சாய்த்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நீர்மகள் நிலையத்தில் அவளுக்கு உத்தியோகம், திறனுறைகளைத் துடைத்து, எண்ணெயிட்டு, அளவு சரிபார்த்து, பதினோரு ஆண்களின் கைகளில் மாட்டிவிடுவது. மாட்டிவிடலாம். மாட்டிக்கொள்ளக் கூடாது. இயந்திரவியலில் பட்டம் வாங்கியவள், மூன்று வருடமாகப் பந்தி பரிமாறிக்கொண்டு பசியோடு நிற்கிறாள்.

மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மிதக்கும் உப்புநீக்கி அது. ஆழ்கடல் நீரை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, நான்கு மாவட்டங்களுக்குக் குடிநீர் அனுப்புகிறது. உறிஞ்சுகுழாயின் வாய் இருநூறு மீட்டர் ஆழத்தில். அதைப் பழுதுபார்க்க ஆட்கள் மூழ்குகூண்டில் இறங்குவார்கள். இன்று காலை இறங்கியவர்கள் இருவர்: தலைமைத் தொழில்நுட்பர் தவசிமுத்து, முக்குளிப்பவன் வில்பிரட். ஏறி வரும்போது ஒரு பேரலை கூண்டைத் தூக்கித் தூணில் அடித்தது. காற்றுக்குழாய் அறுந்தது. உள்ளே மிச்சமிருந்த காற்றைத்தான் நிமிஷக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கூண்டு மேலே வந்துவிட்டது. கையை நீட்டினால் தொடலாம். ஆனால் திறக்க முடியாது. உள்ளே இருநூறு மீட்டர் ஆழத்தின் அழுத்தம். சட்டென்று திறந்தால், குலுக்கிய சோடா பாட்டிலை உடைத்த கதைதான். பொங்குவது மனித ரத்தமாக இருக்கும். கூண்டை நிலையத்தின் அழுத்த அறையோடு நான்கு தாழ்களால் பூட்டி, அதே அழுத்தத்திலேயே ஆட்களை அறைக்குள் மாற்ற வேண்டும். மூன்று தாழ்கள் விழுந்துவிட்டன. நான்காவது, மோதலில் நசுங்கிய தகட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தகட்டை வெட்டலாம் என்றால் அதை ஒட்டியே அழுத்தக் குழாய். மிச்சமிருந்த வழி, ஒரு டிபன் பாக்ஸ் நுழையும் அளவுக்கு அந்தப் பொந்து.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கீச்சிட்டது.

"ஆவுடை! என்னல செஞ்சிக்கிட்டு இருக்க?"

தவசிமுத்துவின் குரல்தான். ஆழத்தில் சுவாசிக்க ஹீலியம் கலந்த காற்று. அது எப்பேர்ப்பட்ட குரலையும் வாத்துக் குரலாக்கிவிடும். நிலையத்தையே நடுங்கவைக்கும் சீஃப் இப்போது குவாக் குவாக்கென்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"தாழுக்குள்ள ஆணி முறிஞ்சு கிடக்கு சீஃப். அத உருவிட்டு நட்ட ரெண்டரைச் சுத்து சுத்தணும். உறை உள்ள போனதும் முட்டுது."

"ஆசான் கை முட்டாதுல. நீ விறைச்சிக்கிட்டு நிப்ப. விரலத் தளர்த்து. நாடி பாத்தியா?"

"பாத்தேன் சீஃப். மூணு தடவையும் பாத்தேன்."

நாடி பார்ப்பது என்னவென்று தெரியாதவர் இந்தத் தொழிலில் கிடையாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கைநூலகம் என்ற நிறுவனம் நானூறு மெக்கானிக்குகளின் கைகளை உணரிகளால் பதிவுசெய்தது. எதைத் தொட்டால் எந்த விரல் எப்படி நகர்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, எங்கே நிதானிக்கிறது, எல்லாவற்றையும். பாரபட்சம் கூடாது என்பதற்காகப் பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்தார்கள். 311-ஆம் எண் மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் தூக்கிச் சாப்பிட்டது. கண் பார்க்காத இடத்தில் வேலை செய்யும் கை! அதைத் திறனுறைக்குள் ஏற்றி விற்றார்கள். உறையை மாட்டி விரலைத் தளர்த்திவிட்டால் போதும். நேற்றுச் சேர்ந்தவன்கூட இருபது வருட அனுபவக்காரன்போல் வேலை செய்வான்.

யார் அந்த 311? கைநூலகம் மூச்சு விடவில்லை. மூச்சு விடாத இடத்தில் கதை முளைக்கும். கப்பல் பட்டறையில் இருந்த வாய்பேசாத மேஸ்திரி என்றார்கள். நீர்மூழ்கியில் கண்ணை இழந்த சிப்பாய் என்றார்கள். 'ஆசான்' என்று பெயர் வந்தது. பயிற்சிக்கூடத்து வாசலில் நரைத்த தாடியும் அகன்ற தோளுமாக ஒரு சிலையே நிற்கிறது. ஆசான் கையிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. எந்தச் சந்துக்குள்ளும் நுழையுமுன் இடக்கை வந்து வலது மணிக்கட்டை வளைத்துப் பிடிக்கும். ஒரு கணம் நிற்கும். பிறகு முழங்கையை நோக்கி வழுக்கி ஏறும். வேலைக்குச் சம்பந்தமில்லாத அசைவு என்று நீக்கிப் பார்த்தார்கள், கை தடுமாறியது. திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஆசான் தன் நாடியைப் பார்த்து மனதை அடக்குகிறார் என்று பயிற்சிக்கூடத்தில் பாடமே நடத்துகிறார்கள். சிலையும் அந்த முத்திரையோடுதான் நிற்கிறது. உறை போட்டுப் பழகியவர்கள் உறை இல்லாதபோதும் செய்வார்கள். தவசிமுத்து பரோட்டாவைப் பிய்க்கும் முன்கூட நாடி பார்ப்பார்.

பெண்களுக்கு மட்டும் ஆசான் கை கிடையாது. சோதித்துப் பார்த்தார்களாம், பெண்கள் அணிந்தால் உறை தடுமாறுகிறதாம். ஜெசிந்தா மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தாள். மூன்றையும் 'உடலமைப்புப் பொருந்தாமை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தவர், இப்போது கூண்டுக்குள் வாத்துக் குரலில் கத்திக்கொண்டிருக்கும் இதே தவசிமுத்துதான். "நல்ல பிள்ளதான் நீ. ஆனா ஆசான் கைங்கது ஆம்பள கை. உன் கைக்குள்ள அது எப்படிட்டி அடங்கும்?"

"இருபத்தொண்ணு!"

ஆவுடையப்பன் பொந்திலிருந்து கையை உருவினார். விரல் முட்டியில் உறை கிழிந்து ரத்தம் கசிந்தது. "ஏட்டி ஜெசி, உதவிக்குரலுக்குப் போடு!"

ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள். கைநூலகத்தின் உதவிக்குரல் இரண்டாவது மணியில் எடுத்தது.

"வணக்கமுங்க. துளசிமணி பேசறேன். சொல்லுங்க." நடுத்தர வயதுப் பெண் குரல். கோயமுத்தூர்ப் பக்கம்.

"யம்மா, இங்க ரெண்டு உசுரு ஊசலாடுது. ஆசான் கை சின்னச் சந்துக்குள்ள முட்டுது. அங்க ஆம்பள எஞ்சினியர் யாராவது இருந்தா குடுங்க!"

தினமும் நாலு தடவை இதைக் கேட்டுப் பழகிய குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"நானும் எஞ்சினியருதானுங்க. சந்து எத்தன அகலம்?"

"யம்மா, வெளயாடாதிய..."

"டிபன் பாக்ஸ் அகலம் அக்கா," என்றாள் ஜெசிந்தா குறுக்கே புகுந்து. "தாழுக்குள்ள ஆணி முறிஞ்சிருக்கு. உறையோட முட்டி தகட்டுல இடிக்கி."

"இடிக்கும். அளவுத் திருகு 1.18-ல இருக்குதுங்களா? அத ஒண்ணுல வையுங்க."

"அதத் தொடப்படாதுன்னு கையேட்டுல போட்டுருக்கே!" என்றார் ஆவுடையப்பன்.

"போட்டிருக்குதுங்க. பதினோரு வருஷமா, சந்துல முட்டுதுன்னு கூப்பிடற எல்லாத்துகிட்டயும் இதத்தான் சொல்றேன். ஆம்பளயக் குடுங்கறாங்க. குடுக்கறேன். அவரு வேற உறை வாங்கச் சொல்றாரு."

ஜெசிந்தாவுக்குள் என்னவோ சொடுக்கியது. கையேடு. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், பொடி எழுத்தில் அடிக்குறிப்பு. பொழுது போகாமல் ஒரு மழைநாளில் படித்தது. 'மூலப் பதிவில் கையின் அளவு இயல்பைவிடக் குறைவாக இருந்தது கருவிப் பிழை எனக் கருதப்பட்டு, 1.18 மடங்கு பெருக்கித் திருத்தப்பட்டது.'

கருவிப் பிழை எனக் கருதப்பட்டு.

"அண்ணாச்சி, ஆசான் கை நெசமாவே சின்னக் கை. இவுகதான் இழுத்துப் பெருசாக்கியிருக்காக. வெளிய வேலை பாக்கும்போது தெரியாது. சந்துக்குள்ள போனா, தன் கை தடிமன் என்னன்னே தெரியாத ஆளு மாதிரி முட்டுது!"

ஆவுடையப்பன் உறையைக் கழற்றித் திருகைத் திருப்பினார். உறை 'ஸ்ஸ்' என்று சுருங்கியது. அதற்குள் கையை நுழைக்கப் பார்த்தார். நான்கு விரல்களின் பாதியோடு நின்றது. அங்கே நின்ற மற்ற நான்கு பேரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் சுறா வெட்டிப் பழகிய கைகள்.

"அங்க சின்னக் கை ஆருக்குமே இல்லீங்களா?" என்றது துளசிமணியின் குரல்.

எல்லோரும் விளக்கைப் பிடித்திருந்த கையையே பார்த்தார்கள்.

"பதினேழு!"

"ஆவுடை!" என்று கீச்சிட்டது ஒலிபெருக்கி. "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பிள்ள உறை போடப்படாது. விதி! பட்டியல்ல பேரு இல்லாத ஆளு போட்டு ஏதாவது ஆச்சின்னா..."

"ஏதாவது ஆவுதுக்கு என்ன சீஃப் இருக்கு?" கூண்டுக்குள்ளிருந்து இன்னொரு வாத்துக் குரல், வில்பிரட். "வாய மூடுங்க. நீங்க பேசுத பேச்சுக்கு என் காத்தும் சேந்து போவுது!"

ஆவுடையப்பன் ஒலிபெருக்கியைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். பதினான்கு வருடம் இரண்டாம் இடத்திலேயே இருந்த மனுஷர்.

"சீஃப், நீங்க கூண்டுக்குள்ள இருக்கிய. விதிப்படி, நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் வெளிய சீஃப் நான்தான்." அவர் விளக்கை வாங்கிக்கொண்டார். "ஏட்டி, போடு!"

பெயர் பட்டியலில் இல்லாதவர் கையில் உறை உயிர்பெறாது. ஆனால் பராமரிப்பவளுக்கு ஒரு சாவி உண்டு: சோதனை நிலை. உறையைத் தாங்கியில் மாட்டி ஓட்டிப் பார்ப்பதற்காக. தொண்ணூறு விநாடி ஓடும், அணைந்துவிடும். மறுபடி ஓட வேண்டுமென்றால் தாங்கியில் கால் மணி நேரம் ஆற வேண்டும். அதாவது, ஒரே ஒரு தடவை.

ஜெசிந்தா இரண்டு கைகளிலும் உறையை ஏற்றினாள். மூன்று வருடமாக உள்ளும் புறமும் துடைத்த உறை. சுருங்கிய நிலையில் அது தோல்மேல் தோலாக ஒட்டிக்கொண்டது. சாவியைத் தட்டினாள். தொண்ணூறு.

இடக்கை தானாக எழுந்தது. வலது மணிக்கட்டை வளைத்துப் பிடித்தது. ஒரு கணம் நின்று, முழங்கையை நோக்கி வழுக்கி ஏறியது.

நாடி முத்திரை! பதினோரு ஆண்கள் ஆயிரம் தடவை செய்து பார்த்திருக்கிறாள். ஆனால் தன் உடம்பிலேயே அது நிகழ்ந்தபோது, இது தனக்குப் பழக்கமான அசைவு என்று தோன்றியது. எங்கே செய்திருக்கிறோம்? எப்போது?

தெரிந்துவிட்டது. அந்த நெருக்கடியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குட்டி சிரிக்க?" என்று பதறினார் ஆவுடையப்பன். "பயத்துல புத்தி கலங்கிட்டா?"

"அப்பறம் சொல்லுதேன் அண்ணாச்சி. விளக்கத் தள்ளிப் பிடிங்க."

கை பொந்துக்குள் போனது. முட்டவில்லை. வெண்ணெயில் கத்திபோல என்று சொல்ல முடியாது. ஒரு எலி தன் வளைக்குள் போவதுபோல் போனது, ஒவ்வொரு சுவரையும் தெரிந்துகொண்டு. விரல் நுனிகள் முறிந்த ஆணியைத் தொட்டன, வருடின, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டன. சின்ன விரல் பின்னால் போய் ஒரு விளிம்பில் அணைந்து முட்டுக் கொடுத்தது. கட்டைவிரல் ஒரு நெம்பு.

ஆணி கீழே விழுந்து 'டிங்' என்றது.

"அம்பது விநாடி ஆச்சி!"

நட்டு. கை அதைக் கண்டுபிடித்தது. முதல் அரைச்சுற்று இறுக்கமாக. அடுத்தது கொஞ்சம் இளகி. ஒன்று. ஒன்றேகால். ஒன்றரை...

உறை செத்தது. இழைகள் நனைந்த துணிபோல் தொய்ந்தன.

"அக்கா! அணைஞ்சிட்டு!"

"எத்தன சுத்து ஆச்சு?"

"ஒன்றரை."

"பத்து நிமிஷம்!" என்றது பின்னாலிருந்து குரல். கூண்டுக்குள் இருமல் கேட்டது. இருமலும் வாத்துக் குரலில்தான் வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அப்ப மிச்சம் ஒரு சுத்துதானுங்க அம்மிணி. உறையக் கழட்டுங்க. உங்க கையி என்னத்துக்கு இருக்குது?"

ஜெசிந்தா உறையை உரித்து எறிந்தாள். வெறுங்கை உள்ளே போனது. இரும்பு சில்லென்று இருந்தது. நட்டைத் தொட்டாள், வழுக்கியது. மறுபடி தொட்டாள், மறுபடி வழுக்கியது. விரலில் எண்ணெய்.

"ஆறு நிமிஷம்..."

"அவசரப்படாதீங்க. சின்ன விரலப் பின்னால குடுத்து அந்த விளிம்புல அணைச்சுக்கோங்க. அணைச்சாச்சா? இப்ப முன்னால திருப்பாதீங்க. ஒரு நூல் பின்னால. அப்பறம் முன்னால."

ஒரு நூல் பின்னால். முன்னால். நட்டு முனகியது. கால் சுற்று. விரல் நுனியில் தோல் கிழிந்தது. அரை. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: விளிம்பு, பள்ளம், தாழின் முதுகு. முக்கால். தோள் தகட்டில் அழுந்தி எலும்பு வலித்தது. இன்னும் கொஞ்சம். இன்னும்...

'தொம்'.

தாழ் விழுந்த அதிர்ச்சி அவள் பற்கள் வரை வந்தது. சுவரில் நான்காவது பச்சை விளக்கு எரிந்தது. அழுத்தங்கள் சமமாகும் நீண்ட பெருமூச்சு. பிறகு கூண்டுக்கும் அறைக்கும் இடையிலிருந்த கதவு திறக்கும் சத்தம். அதன் பின்னால், யாரோ காற்றை அள்ளி அள்ளிக் குடிக்கும் சத்தம்.

"மாதாவே!" என்றான் வில்பிரட், வாத்துக் குரலில்.

ஜெசிந்தா தரையில் அப்படியே உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் அவள் தலையில் கை வைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

உதவிக்குரல் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அங்கே அடுத்த அழைப்பு வந்திருக்கும். ஆம்பளையைக் கேட்டு.

மறுநாள் காலை அழுத்த அறையின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் தவசிமுத்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். ஒரு வாரச் சிறை. உணவுத் திறப்பு வழியாக இட்லி போகும், காலித் தட்டு வரும். குரல் மட்டும் இன்னும் வாத்துதான்.

இன்று தட்டின் அடியில் ஒரு காகிதமும் போயிருந்தது. ஜெசிந்தாவின் நான்காவது விண்ணப்பம். வைத்தது ஆவுடையப்பன்.

தவசிமுத்து அதைப் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏ பிள்ள. நேத்து நான் உன்னப் போடாதன்னு சொன்னேன். போட்ட. நான் உக்காந்து இட்லி தின்னுதேன். அதுக்கு மேல பேச எனக்குத் தெரியல." அவர் கண்ணாடி வழியே அவளை நேராகப் பார்த்தார். "எப்பேர்ப்பட்ட ஆம்பளையோட கை! அத இம்புட்டு லெச்சணமா நீ போட்டு ஓட்டிட்டியே. அறிக்கையில உன் பேரத்தான் போடுதேன். ஆனா அந்த ஆசானுக்கு ஒரு நன்றி சொல்லணும்ட்டி. ஆளு உசுரோட இருக்காரா, இல்லயா? அந்த உதவிக்குரல் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கும். போடு."

ஜெசிந்தா போட்டாள். இரண்டாவது மணி.

"வணக்கமுங்க. துளசிமணி பேசறேன். சொல்லுங்க."

"யம்மா, நான் நீர்மகள்ல இருந்து சீஃப் பேசுதேன்," என்று கீச்சிட்டார் தவசிமுத்து.

"சீஃபுங்களா? கொரலு ஒரு தினுசா இருக்குதுங்களே," என்றது மறுமுனை நிதானமாக. "அங்க ஆம்பள ஆராச்சும் இருந்தா குடுங்க."

அறைக்குள் வில்பிரட் உருண்டு சிரித்தான். தவசிமுத்துவின் முகம் சிவந்தது.

"போன வருஷம் நான்தான் ஒரு தடவ உங்ககிட்ட..." என்று இழுத்தார்.

"நாலு தடவைங்க. பரவால்ல. உசுரோட கூப்பிட்டீங்களே, அதுவே சந்தோசம்."

"அக்கா," என்றாள் ஜெசிந்தா. "சின்ன விரல அணைச்சுப் பிடின்னு சொன்னிய. ஒரு நூல் பின்னாலன்னு சொன்னிய. அது எந்தக் கையேட்டுலயும் கிடையாது. நான் எல்லாப் பக்கமும் படிச்சிருக்கேன். உறைக்குள்ள இருந்த கை மட்டுந்தான் அப்படிச் செய்யிது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "311 எங்க இருக்காங்க அக்கா?"

மறுமுனையில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"பன்னெண்டு வருசத்துல இத எங்கிட்ட ஆரும் கேக்கலீங்க அம்மிணி," என்றாள் துளசிமணி. "சிங்காநல்லூர்ல பம்புசெட்டுப் பட்டறையில இருந்தேன். முடிவு சொல்ற அன்னிக்கு மேடையில 311 வாங்கன்னாங்க. போனேன். மேல இருந்த ஆபீசரு என் பின்னால எட்டிப் பாக்கறாரு. 'ஏம்மா, அவர் வரலையா?'ன்னாரு. ஆருங்க அவரு? எனக்கே தெரியல. நாந்தானுங்கன்னேன். தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொம்பள கையின்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டானாமா. பேரு வேண்டாம், வேலை தர்றோம்னாங்க. அப்ப எனக்கு வேலை வேணுமுங்க. கணக்குப் போட்ட எஞ்சினியருங்களுக்கு இதொண்ணும் தெரியாது. என்னடா இது, இம்புட்டு நல்ல கையி இத்தனூண்டா இருக்குதேன்னு மெசினத் தப்புச் சொல்லி இழுத்துப் பெருசாக்கிட்டாங்க. பெருசானது பொம்பளைகளுக்குச் சேரல. சேரலையா, பாத்தியா, இது ஆம்பள கையின்னுட்டாங்க."

வில்பிரட் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ இரவல் கொடுத்தவைபோல.

"311 ஆருன்னு சொல்லிட்டேன். வேலை போனாலும் போகட்டுமுங்க," என்றாள் துளசிமணி.

"போவாது," என்றார் தவசிமுத்து. வாத்துக் குரலிலும் அது உத்தரவாகத்தான் வந்தது. "விபத்து அறிக்கைய நான் எழுதணும். ஆசான் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. பன்னெண்டு வருசமா வெறுமனே கிடக்கு. அத நிரப்பித்தான் அனுப்புவேன். பெருக்கின கணக்கும் அதுலயே இருக்கும்." அவர் விண்ணப்பத்தை முழங்கால்மேல் வைத்தார். "ஏ பிள்ள, முதல்ல இத முடிப்போம்."

பேனாவை எடுத்தார். பழக்கதோஷம், எதையும் தொடுமுன் வருவது. இடக்கை தானாக எழுந்து வலது மணிக்கட்டை வளைத்துப் பிடித்தது. பிடித்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் அந்தக் கையையே பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்போ யம்மா... இந்த நாடி பாக்குறது?"

ஜெசிந்தாவுக்கு நேற்று வந்த அதே சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நாடியா?" துளசிமணி நிஜமாகவே திகைத்துப்போனாள். "அப்படியா சொல்லிக்கறீங்க? அட, போங்க! பட்டறையில எந்நேரமும் எண்ணெய்க் கையிதானுங்க. கண்ணாடி வளையலு, பன்னெண்டு. வழுக்கிட்டு வந்து மணிக்கட்டுல நிக்கும். சந்துக்குள்ள கைய விட்டா ஒடஞ்சு போகுமேன்னு மேல ஏத்தி விட்டுக்குவேன். பதிவு பண்ற அன்னிக்கு வளையலக் கழட்டி வெக்கச் சொல்லிட்டாங்க, வெச்சேன். கையிக்கு அது தெரியலீங்க. அது பாட்டுக்கு ஏத்திட்டே இருந்துச்சு."

நாற்பது நாடுகளில், கப்பல்களிலும் சுரங்கங்களிலும் அணைகளிலும், ஒன்றேகால் லட்சம் ஆண்கள் அந்த நேரத்தில் ஆசான் கையை மாட்டி வேலையை ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள்.

தவசிமுத்து தன் மணிக்கட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு, அங்கே இல்லாத பன்னிரண்டு வளையல்களையும் ஒன்றுகூட உடையாமல் முழங்கை வரை ஏற்றிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.